நாலாவது மூலை

அத்தியாயம் 17

பாயை இடுப்பில் சுற்றிக் கட்டும்போதே லவீனியா ஒரு தடவை சொல்லிவிட்டாள். காரில் ஏறும்போது இன்னொரு தடவை. சிக்னலில் வண்டி நின்றபோது மறுபடியும் வாயெடுத்தாள். அவள் கணவர் பௌலியாசி முந்திக்கொண்டார்.

"தூக்க மாட்டேன். குனிய மாட்டேன். அடுப்புப் பக்கத்துல ஒரு நாற்காலியப் போட்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பேன். போதுமா?"

"சாவு வீட்டுல லியோங்கிக்கு யாரு நாற்காலி போடுவா?"

"அப்போ தரையில."

"தரையில உட்கார்ந்தா யாரு எழுப்பி விடறது?"

சிக்னல் பச்சையானது. லவீனியாதான் வண்டி ஓட்டினாள். பௌலியாசிக்கு இடது காலில் கிளட்ச் எது, தரைவிரிப்பு எது என்று தெரியாமல் போய் வெகு நாளாகிறது.

வேலை பார்த்த குளிர்கிடங்கில் உறைந்த கோழிப் பெட்டிகளின் அடுக்கு ஒன்று சாய்ந்தபோது அவர் முதுகைக் கொடுத்துத் தாங்கினார். அன்றோடு போனது முதுகு. சாய்கிற சரக்கைத் தொடாதே, விலகி ஓடு என்பது கிடங்கின் விதி. சுவரில் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். ஆனால் கண்ணெதிரே ஒன்று விழுந்தால் கை தானாக நீளுகிற ஜாதி அவர். என்ன செய்வது?

டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றார் எலும்பு டாக்டர். காப்பீட்டுக் கம்பெனி வேறு பாட்டுப் பாடியது. இது வேலையில் வந்த அடி இல்லை, வயதால் வந்த தேய்மானம் என்றது. செவ்வாய்க்கிழமை கம்பெனியே அமர்த்திய டாக்டர் அவரைப் பரிசோதிக்கப் போகிறார். அந்த ஆள் சொல்வதை வைத்துத்தான் ஆபரேஷன் உண்டா இல்லையா, வாராவாரம் வருகிற நஷ்டஈடு தொடருமா நிற்குமா என்பதெல்லாம்.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் ஒரு பிரெட் பாக்கெட்டுக்கு மேல எதையும் தூக்கக் கூடாது. வீட்டுக்குள்ளயும் கூடாது" என்று அவர்களுடைய வக்கீல் நாடின் ஹத்தாத் விரலை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனாள். போன வாரம் அதைக் கேட்டு இருவரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் மெலெனாய்தே அத்தை செத்துப்போனாள். சாவு வக்கீலைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

அத்தை என்றால் சும்மா அத்தை இல்லை. டோங்கா தீவுக்காரர்கள் வீட்டில் அப்பாவின் அக்காளுக்கு மேலே கடவுள் ஒருவர்தான். அவள் உட்கார்ந்த பாயில் தம்பி பிள்ளைகள் உட்காரக் கூடாது, அவள் சாப்பிட்ட மிச்சத்தைத் தொடக் கூடாது. அவள் போய்விட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு வீட்டுக்குள் இடம் இல்லை. கிழிந்த பெரிய பாயை மார்பு வரை சுற்றிக்கொண்டு, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, பின்கட்டில் அடுப்புப் புகையில் கிடந்து எல்லோருக்கும் ஆக்கிப் போடவேண்டும். அதற்குத்தான் லியோங்கி என்று பெயர். கட்டிக்கொண்டு வந்த பெண்டாட்டிக்கும் அதே கதிதான்.

மவுண்ட் டிரூயிட்டில் மோசேசே வீட்டுத் தெரு முழுக்க வண்டிகள். அத்தையின் மூத்த மகன் மோசேசே. வயதிலும் பெரியவர், முறையிலும் பெரியவர். அடக்கம் காலையிலேயே முடிந்துவிட்டது. வாசலில் பந்தலுக்குக் கீழே பாதிரியாரும் பெரிய மனிதர்களும் உட்கார்ந்திருக்க, மோசேசே வேலிப்பக்கம் வந்து பௌலியாசியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ பின்னாடி போகவேண்டாம். கார்லயே இரு. இல்ல, வீட்டுக்குப் போ. அம்மா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."

"அத்தை கோவிச்சுக்க மாட்டாங்க அண்ணே. ஆனா நான் என் மூஞ்சிய எங்க கொண்டு வச்சுக்கறது?"

"சொல்லிட்டேன். அப்புறம் உன் இஷ்டம்."

லவீனியாவுக்கு மோசேசேயின் கால்களைக் கட்டிக்கொண்டு 'இவரைக் கட்டாயப்படுத்தி வீட்டுக்கு அனுப்புங்கள் அண்ணே' என்று கேட்கவேண்டும் போலிருந்தது. மோசேசே அனுப்பினால் இவர் போவார். ஆனால் லியோங்கி பெண்டாட்டி அன்றைக்கு வாயைத் திறக்கிற வழக்கம் இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அப்படித்தான் இருந்தது அவள் நிலைமை. பேசாமல் பின்கட்டுக்கு நடந்தாள்.

புல்தரையைத் தோண்டி மண் அடுப்பு போட்டிருந்தார்கள். உள்ளே கல்லெல்லாம் நெருப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. பௌலியாசியின் தம்பி சைமோனே சட்டையில்லாமல் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்ததும் ஒரு காலி பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டான்.

"வாங்க முதலாளி. இது நாற்காலி இல்ல, அதனால குத்தமில்ல. உட்காருங்க."

பௌலியாசி சிரித்தபடியே, கையை முழங்காலில் ஊன்றி, மெதுவாக உட்கார்ந்தார். கட்டியிருந்த பாய் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தது. கம்பெனி கொடுத்த இடுப்புப் பட்டையைவிட இது தேவலாம் என்று அவர் சொன்னதை லவீனியா நம்பவில்லை.

சேம்பிலையில் உப்புக்கறியும் தேங்காய்ப்பாலும் வைத்து மடித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, யாரைப் பார்த்தும் சொல்லாத மாதிரி சொன்னாள்: "உட்கார்ந்தே சம்பளம் வாங்கறவங்களுக்கு எங்க போனாலும் உட்கார இடம் கிடைச்சிடுது."

நாலு பேர் கொல்லென்று சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மற்ற நாளாயிருந்தால் லவீனியா கேட்காத மாதிரி இருந்திருப்பாள்.

"சம்பளம் மட்டுமில்ல அக்கா, முதுகுத்தண்டுல நீள ஊசியும் சேர்த்துத்தான் போடறாங்க. பங்கு வேணும்னா சொல்லுங்க, வாங்கித் தரேன்."

இப்போது சிரித்தவர்கள் வேறு நாலு பேர். அந்தப் பெண் இலையை மடிப்பதில் மும்முரமானாள். லவீனியா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து மரவள்ளியை உரிக்க ஆரம்பித்தாள். கண் மட்டும் பால் கிரேட்டின் மேலேயே இருந்தது.

வெகுநேரம் எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. பௌலியாசி உட்கார்ந்த இடத்திலிருந்தே கல் சூடு போதுமா, இலை போதுமா என்று யோசனை சொன்னார். பொடிசுகள் கொண்டுவந்து நீட்டிய தேங்காயைத் துருவிக்கூடக் கொடுத்தார். இந்த அளவுக்கு நாடினுக்கே ஆட்சேபணை இருக்காது என்று லவீனியா நினைத்துக்கொண்டாள்.

மோசேசேயின் மகள் ஓஃபா செல்போனைக் கோலில் மாட்டிக்கொண்டு சுற்றி வந்தாள். விமானத்துக்குப் பணம் இல்லாமல் டோங்காவின் வவாவு தீவிலேயே நின்றுவிட்ட உறவுகளுக்காக, காலையில் தேவாலயத்திலிருந்தே நேரலை போய்க்கொண்டிருந்தது. பாட்டு, அழுகை, குழி, மண் எல்லாம் போயாகிவிட்டது. இப்போது சமையல்.

"எல்லாரும் கையாட்டுங்க! அங்க தாத்தா பார்த்துட்டு இருக்காரு!"

லவீனியா மரவள்ளிக் கத்தியோடு கையாட்டினாள். அதை ஒரு ஆபத்தாக அவள் அப்போது நினைக்கவே இல்லை. காப்பீட்டுக் கம்பெனிக்காரன் வெள்ளைக் காரில் காமெராவோடு தெருமுனையில் நிற்பான் என்றுதான் நாடின் எச்சரித்திருந்தாள். வரும்போது லவீனியா தெருவின் இரண்டு முனையையும் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

பெரிய பன்றி வெந்து முடிந்தது. முழுப் பன்றி. பலகைத் தட்டில் ஓலையைப் பரப்பி, அதன்மேல் அதைப் படுக்கவைத்து, நாலு மூலைக்கு நாலு பேராகத் தூக்கிப் பந்தலுக்குள் கொண்டுபோய், பாதிரியார் முன்னால் இறக்கவேண்டும். குடும்பத்துக்காகச் சபையில் பேசுகிற பேச்சாளர் அதைப் பேர் சொல்லி அறிவிப்பார். அத்தையின் கடைசி மரியாதை அதுதான்.

சைமோனேயும் சொந்தக்காரப் பையன்கள் மூன்று பேரும் தட்டைத் தூக்கினார்கள். தூக்கி நாலெட்டு வைத்ததும் முன்பக்கத்திலிருந்து யாரோ ஒருவன் ஓடிவந்தான். "அந்த நீல டிரக் யாருது? வழிய மறைக்குதுன்னு பக்கத்து வீட்டுக்காரன் போலீசைக் கூப்பிடுவேன்கிறான்!"

டிரக் மூன்று பேரில் ஒருவனுடையது. பந்தல் முன்னால் போலீஸ் வந்து நின்றால் நன்றாகவா இருக்கும்? "இதோ வந்துட்டேன், அப்படியே பிடிச்சிருங்க" என்று சொல்லி, தன் மூலையை வழியில் நின்ற ஒரு விடலையின் கையில் கொடுத்துவிட்டு அவன் ஓடினான். விடலைக்குக் கனம் தெரியவில்லை. தட்டு அந்தப் பக்கமாகச் சரிந்தது. ஓலை வழுக்கியது. பன்றி நகர ஆரம்பித்தது.

அத்தையின் பன்றி மண்ணில் விழுந்தால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவார்கள். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பால் கிரேட் காலியாக இருந்ததை லவீனியா பார்த்தாள். அவள் எழுந்திருப்பதற்குள் பௌலியாசி அந்த மூலையில் தோளைக் கொடுத்துவிட்டார்.

"வேண்டாம்!" என்று கத்தினாள். யாரும் திரும்பவில்லை.

பௌலியாசி நடந்தார். முதுகை நிமிர்த்தி, கிழிந்த பாய் தரையில் இழுபட, அசையாத முகத்தோடு, பந்தல் வரைக்கும் நடந்தார். ஓஃபா பின்னோக்கி நடந்தபடியே அவர் முகத்தைப் படமெடுத்தாள். அவள் குரல் தழுதழுத்தது.

"எங்க சித்தப்பா பௌலியாசி! முதுகு உடைஞ்சவரு! ஆனா பாருங்க, அவரோட அத்தைக்குச் செய்யவேண்டிய கடமைய விட்டாரா? பாருங்க எல்லாரும்!"

தட்டு பாதிரியார் முன்னால் இறங்கியது. பேச்சாளர் அறிவித்தார். பெரியவர்கள் எல்லோரும் நன்றி, நன்றி என்றார்கள். பௌலியாசி தலைகுனிந்து, லியோங்கிக்குரிய அடக்கத்தோடு பின்னாலேயே நகர்ந்து, பந்தலுக்கு வெளியே வந்து, வீட்டுச் சுவரின் மறைவுக்குப் போனார். அங்கே அவருடைய கால்கள் மடிந்தன. மூட்டை சாய்கிற மாதிரி பக்கவாட்டில் விழுந்தார்.

லவீனியா போய்ச் சேர்ந்தபோது அவர் முகம் சாம்பலாகியிருந்தது. உதட்டைக் கடித்திருந்ததில் ரத்தம்.

"கால்... இடது கால் இருக்கா பாரு."

"இருக்கு."

"எனக்கு இல்ல."

சைமோனே ஆம்புலன்சுக்குப் போன் செய்தான். ஓஃபா கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். போன் திரை இருட்டாக இருந்தது. லவீனியாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஓஃபா, சித்தப்பா தூக்கினது எல்லாம் போச்சா?"

"போச்சு சித்தி. அங்க எல்லாரும் அழறாங்க. முன்னூறு பேருக்கு மேல பார்த்துட்டாங்க, பகிர்ந்துட்டே இருக்காங்க."

"விழுந்தது?"

"நான் நிறுத்திட்டேன்."

"ஏன் நிறுத்தினே?"

ஓஃபா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். இதைக்கூடவா கேட்பார்கள் என்பது போல. "சித்தப்பா விழுந்து கிடக்கறத ஊரு பார்க்கலாமா சித்தி?"

அவள் மேல் தப்பே இல்லை. மரியாதை தெரிந்த பெண். பெரிய மனிதன் தலைநிமிர்ந்து நடந்ததைக் காட்டினாள், விழுந்ததை மறைத்தாள். கம்பெனிக்காரன் மாதக் கணக்காகக் காத்திருந்தாலும் இப்படி ஒரு படம் அவனுக்குக் கிடைத்திருக்காது. பாராட்டுரை வேறு அதிலேயே இருக்கிறது.

"போனைக் குடு."

"சித்தி..."

"தூக்கினதைப் பார்த்தாங்க இல்ல? இதையும் பார்க்கட்டும். மறுபடி நேரலை போடு, குடு இங்க."

லவீனியா போனைக் கணவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். பௌலியாசி கண்ணைத் திறந்து பார்த்தார். என்ன நடக்கிறதென்று புரிந்ததும் பாயின் ஓரத்தை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"வேண்டாம் லவீனியா. கெஞ்சிக் கேட்கறேன்."

அவர் அவளிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. கல்யாணம் பேசும்போதுகூட இல்லை. லவீனியா ஒரு கையால் பாயை விலக்கினாள்.

"எந்தக் கால் உணர்ச்சி இல்ல? சொல்லுங்க. அதைச் சொன்னாப் போதும்."

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. சுற்றிலும் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சேம்பிலை மடித்தவள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு லவீனியாவையே பார்த்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை லவீனியா போனைத் தாழ்த்தவில்லை. வெட்கமும் கோபமும் ஒன்றாக இருந்தன, ஆனாலும் தாழ்த்தவில்லை.

ஆஸ்பத்திரி நடைபாதையில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். விரித்த தலை, மார்புவரை கிழிந்த பாய், உடம்பெல்லாம் புகை நாற்றம். அவள் சுவரோரமாக நின்று வக்கீலுக்குப் போன் செய்தாள். சனிக்கிழமை என்றும் பாராமல் நாடின் எடுத்தாள். கதை முழுவதையும் கேட்டாள். குறுக்கே பேசவே இல்லை. அதுவே லவீனியாவுக்குப் பயமாக இருந்தது.

"ரெண்டாவது வீடியோ, அவர் விழுந்து கிடக்கறது, அதுவும் வெளியில போயிடுச்சா?"

"நேரலையா போச்சு. நானே போட்டேன். அவர் நடிக்கலேன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது இல்ல?"

"சொல்ல மாட்டாங்க லவீனியா. நிஜமாவே முதுகு போச்சுன்னு ஒத்துக்குவாங்க." நாடின் பெருமூச்சு விட்டாள். "ஆனா கிடங்குல போகல, இன்னிக்கு உங்க அத்தை வீட்டுல பன்றி தூக்கினதுல போச்சும்பாங்க. அதுக்கு ரெண்டு வீடியோவும் சாட்சி."

லவீனியா சுவரில் சாய்ந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல" என்றாள் நாடின். "அங்க டாக்டர் முதல்ல கேட்கறது, எப்போலேருந்து இப்படின்னுதான். அவர் உண்மைய மட்டும் சொன்னாப் போதும். கிடங்கு நாள்லேருந்து தினமும் வலி, காலு மரத்துப்போறது, ராத்திரி தூக்கமில்ல. எல்லாத்தையும். முதல்ல சொல்றதுதான் கணக்கு. உள்ள போங்க, போனை வைக்காதீங்க."

உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் இளம் பெண் டாக்டர் ஒருத்தி கணினியை வைத்துக்கொண்டு நின்றாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் மோசேசே உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டும் பாயுமாக, தன் தாயின் சாவு விருந்தையும் அவ்வளவு பெரிய மனிதர்களையும் அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். அப்படி ஒரு கௌரவம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடைத்ததில்லை.

டாக்டர் கேட்டாள்: "இன்னிக்கு அந்தப் பாரத்தைத் தூக்கறதுக்கு முன்னால முதுகு எப்படி இருந்தது, சார்?"

பௌலியாசி மோசேசேயைப் பார்த்தார். முனகிக்கொண்டே செய்த கடமை கடமையில் சேர்த்தியில்லை. உடைந்த முதுகோடு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அத்தைக்குச் சுமந்தேன் என்று அத்தை மகன் முன்னாலேயே சொல்வதா? அதற்குச் சுமக்காமலே இருந்திருக்கலாம்.

"நல்லாத்தான் இருந்தது" என்றார். "ஒரு தொந்தரவும் இல்ல."

டாக்டரின் விரல்கள் கணினியில் ஓடின.

"பொய்!"

தன் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று லவீனியாவே எதிர்பார்க்கவில்லை. "அவர் பொய் சொல்றாரு டாக்டர். ராத்திரியில தலகாணியக் கடிச்சுட்டு அழறாரு. நான் தூங்கிட்டேன்னு நினைச்சுட்டு அழறாரு. செருப்பு கழண்டு போனதுகூடத் தெரியாம வீதியில நடக்கறாரு. கிடங்குல அடிபட்ட நாள்லேருந்து இப்படித்தான்."

லியோங்கி பாயோடு நின்று, புருஷனின் அத்தை மகன் முன்னால், புருஷனைப் பொய்யன் என்று சொல்லிவிட்டாள். மோசேசே தலையைத் தூக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லவீனியா, வெளிய போ" என்றார் பௌலியாசி.

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நோயாளி வாயால வர்றதைத்தான் நான் எழுத முடியும். சார், நீங்களே சொல்லுங்க. எதை எழுதட்டும்?"

பௌலியாசி மறுபடியும் மோசேசேயைப் பார்த்தார். அவரிடமிருந்து ஒரு வார்த்தை, ஒரு தலையசைப்பு போதும். மோசேசே இன்னும் நிமிரவில்லை.

லவீனியா வெளியே போகவில்லை. கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், போர்வைக்கு வெளியே கிடந்த அவருடைய இடது பாதத்தை இரண்டு கையாலும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். கட்டைவிரலை நகம் பதிய அழுத்தினாள். பௌலியாசி திரும்பவே இல்லை. தன் கால் யார் கையில் இருக்கிறது என்று தெரியாமல், ஒரு சம்மதத்துக்காக மோசேசேயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.